இன்னொருவர் இடத்தில்



போன மாதம் எங்கள் வகுப்பு ஜன்னல் கண்ணாடி உடைந்ததுக்கு ஒரு பையன் முட்டி போட்டான். உடைத்தது நான். பயத்தில் வாயைத் திறக்கலை. அதற்கப்புறம்தான் மாக்சிமிலியன் கோல்பே பற்றிப் படித்தேன்.

இவர் 1894-ல் போலந்தில் பிறந்த கத்தோலிக்க குரு. 1939-ல் ஹிட்லர் படை போலந்துக்குள் புகுந்தது. வீடிழந்து வந்தவர்களுக்கு இவர் தன் மடத்தில் இடம் கொடுத்தார். அவர்களில் யூதர்களும் இருந்தார்கள். 1941 பிப்ரவரியில் இவரைக் கைது செய்தார்கள். மே மாதம் ஆஷ்விட்ஸ் முகாமில் அடைத்தார்கள். அங்கே இவர் வெறும் 16670-ஆம் எண் கைதி.

ஜூலைக் கடைசியில் ஒரு கைதி தப்பிவிட்டான் என்று, பத்துப் பேரைப் பட்டினி போட்டுக் கொல்லப் பிரித்தார்கள். அதில் கயோவ்னிச்செக் என்பவர் மனைவி, பிள்ளைகளை நினைத்துக் கதறினார். உடனே கோல்பே வரிசையிலிருந்து முன்னே வந்தார். அவருக்குப் பதிலாகத் தன்னை அனுப்பச் சொன்னார். பட்டினி அறையிலும் எல்லாரோடும் சேர்ந்து ஜெபம் செய்தார். இரண்டு வாரம் கழித்தும் உயிர் போகலை. ஆகஸ்ட் 14-ல் விஷ ஊசி போட்டார்கள். வயது 47.

1982-ல் கோல்பேக்குப் புனிதர் பட்டம் கொடுத்தபோது கயோவ்னிச்செக் அங்கே இருந்தார். 1995 வரை வாழ்ந்தார்.

இயேசுவின் அன்பைப் பிரசங்கம் செய்தவர், முகாமிலே அதை வாழ்ந்து காட்டினார். அவர் இன்னொருவர் இடத்தில் போய் நின்றார். நானோ என் இடத்தில் இன்னொருவனை நிற்க விட்டேன். அதைச் சொல்லத்தான் இதை எழுதினேன்.

சார், நீங்க எப்போ கூப்பிட்டாலும் வர்றேன். நண்பா, என்னை மன்னிச்சிடு.

– பத்தாம் வகுப்பு மாணவன்