சீர்காழி அருணாசலக் கவிராயர்

ஸ்ரீராமபிரானுடைய திவ்ய சரித்திரத்தைக் கீர்த்தனங்களாக்கி, ஏட்டைத் தொட்டறியாதவர்களும் செவியாரப் பருகும்படி செய்தவர் அருணாசலக் கவிராயர். இவர் 1711ஆம் ஆண்டு தரங்கம்பாடிக்கு அருகிலுள்ள தில்லையாடியில் சைவக் குடியில் பிறந்தார். இளமையில் தருமபுர ஆதீனத்தில் கல்வி பயின்றார். (இத்தருமபுரம் மயிலாடுதுறையை அடுத்தது, நமது தருமபுரி அன்று.) பின்னர் இல்லறம் மேற்கொண்டு, காசுக்கடை வைத்து ஜீவனம் நடத்தினார். பொழுது கிடைத்தபோதெல்லாம் கம்பராமாயணத்தில் ஆழ்ந்திருந்தார்.

பிற்காலத்தில் சீர்காழியில் குடியேறித் தலபுராணம், கோவை, அனுமார் பிள்ளைத்தமிழ் முதலியவற்றை இயற்றினார். இவை வித்வான்கள் மெச்சத்தக்கவை. ஆனால் அக்காலத்தில் ஒரு நூல் ஓலைச்சுவடியிலேயே வாழ்ந்தது. மடங்களையும் புலவர் இல்லங்களையும் தாண்டி அது ஜனங்களிடம் செல்வது அரிது.

சீர்காழியை அடுத்த சட்டநாதபுரத்தைச் சேர்ந்த வேங்கடராமையர், கோதண்டராமையர் என்னும் இருவர் சங்கீதத்தில் வல்லவர்கள். அவர்கள் கவிராயரிடம் கம்பராமாயணம் பாடம் கேட்டு வந்தார்கள். கம்பனுடைய விருத்தங்களின் பொருள் பாமரர்க்கு உரையின்றி விளங்குவது கடினம். அக்கதையையே பாடுதற்கேற்ற எளிய நடையில் ஆக்கினால் என்ன என்ற எண்ணத்திலிருந்து பிறந்ததே இராமநாடகக் கீர்த்தனை. சாகித்தியம் ஆசிரியருடையது, வர்ணமெட்டு சீடர்களுடையது. நூலைப் புகழ்வோர் இவ்விருவரை மறந்துவிடுவது நியாயமன்று. ஆறு காண்டங்களும் கம்பனையே அடியொற்றிச் செல்கின்றன. கதாபாத்திரங்கள் தாமே பாடிப் பேசுவதால் நாடகம் என்ற பெயர் பொருந்துகிறது. விடிய விடியத் தெருக்கூத்துக் கேட்டுப் பழகிய பென்னாகரம் வட்டாரத்தார்க்குப் பாட்டாக வரும் கதை எவ்வாறு ஜனங்களை இருத்திவைக்கும் என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை.

அரங்கேற்றத்திற்குக் கவிராயர் நாடிய இடம் ஸ்ரீரங்கம். கம்பர் தம் காவியத்தை அரங்கேற்றிய திருத்தலம். அப்போது அவருக்கு வயது ஏறத்தாழ அறுபது. இந்தச் சபை ஏற்காவிடில் அந்த உழைப்பு முழுவதும் சுவடியிலேயே உறங்கிப்போகும். கோயிலார் பெருமாளுடைய நியமனமின்றி இசைய இயலாது என்றனர். அவர்களைக் குறைகூறுவதற்கில்லை, கம்பரும் எளிதில் அரங்கேற்றிவிடவில்லை என்றே சொல்வர். கவிராயர் பெரிய பெருமாள் திருமுன் நின்று, தேவரீர் சயனித்திருப்பதன் காரணம் யாதோ என்று வினவும் பாடலைப் பாடினார். வேள்வி காத்ததும், வில்லை ஒடித்ததும், கானகத்தில் நடந்ததும், இலங்கையில் பொருததும் ஆகிய சிரமங்களை ஒவ்வொன்றாக அடுக்கி, இவற்றுள் எதனால் வந்த அயர்வு என்று கேட்கிறது அப்பாட்டு. உபசார வார்த்தையை விட்டு, வீட்டுப் பெரியவரிடம் பரிவோடு கேட்பதுபோல் அமைந்திருப்பதே அதன் அழகு. அன்றிரவு அரங்கன் கனவில் தோன்றித் தம் பரிவாரங்களையும் பாடுமாறு கவிராயருக்கும், அரங்கேற்றத்திற்கு இசையுமாறு கோயிலாருக்கும் நியமித்தருளினான் என்பது வழிவழி வரும் ஐதிகம். அதன்பின் இராமநாடகம் அரங்கன் சந்நிதியில் அரங்கேறிற்று.

சென்னையில் மணலி முத்துக்கிருஷ்ண முதலியார் கவிராயருக்குக் கனகாபிஷேகம் செய்து கௌரவித்தார் என்பர். பிரபுக்களின் ஆதரவு அந்நூலுக்குக் கீர்த்தி தந்தது உண்மையே. ஆயினும் ஊர் ஊராக அதைக் கொண்டு சென்றவர்கள் கதாகாலட்சேபம் செய்த பாகவதர்களும், கேட்டுப் பாடம் செய்துகொண்ட எளிய ஜனங்களுமே. அச்சு பரவியபின் நூலாகவும் பலமுறை வெளிவந்தது.

கவிராயர் 1779இல் இறைவனடி சேர்ந்தார். அப்போது ஸ்ரீ தியாகராஜ ஸ்வாமிகளுக்கு வயது 12.

சட்டநாதபுரத்துச் சீடர்கள் அமைத்த மெட்டுக்களில் பெரும்பாலானவை காலப்போக்கில் வழக்கொழிந்தன. 20ஆம் நூற்றாண்டில் அரியக்குடி ராமானுஜ ஐயங்கார் இப்பாடல்களில் பலவற்றுக்குப் புதிய மெட்டு அமைத்துக் கச்சேரி மேடைக்கு மீட்டுக் கொணர்ந்தார். மிதிலையில் கன்னிமாடத்துப் பிராட்டியைக் கண்டு இராமன் வியக்கும் பாடல் பைரவியிலும், அரங்கன் திருமுன் பாடிய பாடல் மோகனத்திலும் இன்றும் ஒலிக்கின்றன.