எல்லோரையும் சேர்த்த டாக்டர் ஐடா

ஆரணிப் பட்டு பார்த்திருக்கிறீர்களா? உங்கள் அம்மாவிடமோ அத்தையிடமோ ஒரு சேலையாவது இருக்கும். கமண்டல நாகநதிக் கரையில் இருக்கும் ஆரணியில், தறி போட்ட வீட்டுக்குள் நுழைந்தால் முதலில் கண்ணில் படுவது பாவுதான். ஆயிரக்கணக்கான பட்டு இழைகள் பக்கம் பக்கமாக நீண்டு கிடக்கும். ஒரு பாவு நெய்து முடிந்ததும், பழைய பாவின் நுனியோடு புதுப் பாவின் இழைகளை ஒவ்வொன்றாகப் பிணைப்பார்கள். அப்பப்பா, எவ்வளவு பொறுமை வேண்டும்! ஓர் இழை விட்டுப்போனாலும் சேலையில் காட்டிக்கொடுத்துவிடும்.

அதே ஆரணியில் பஸ் ஏறி, கண்ணமங்கலம் வழியாகச் சுமார் 40 கிலோமீட்டர் போனால் வேலூர். ஆரணிப் பக்கத்தில் யாருக்காவது பெரிய நோய் வந்துவிட்டால், வீட்டுப் பெரியவர்கள் வாயில் முதலில் வரும் பெயர் வேலூர் சி.எம்.சி. ஆஸ்பத்திரிதான். அதை ஆரம்பித்தவர் ஐடா ஸ்கடர் என்ற பெண் டாக்டர். அவர் மருத்துவம் பார்த்த கதையை நீங்கள் கேட்டிருக்கலாம். அவர் இன்னொரு வேலையும் செய்தார். பல நாடுகளில் தனித்தனியாக இயங்கிய தொண்டுச் சங்கங்களை ஒரே கல்லூரிக்காக ஒன்றாகப் பிணைத்தார். அதைப் பற்றி அதிகம் யாரும் சொல்வதில்லை. நாம் அதைப் பார்ப்போமா?

ஐடா பிறந்தது 1870, டிசம்பர் 9. ஊர் ராணிப்பேட்டை. அவருடைய தாத்தா டாக்டர் ஜான் ஸ்கடர், 1819-ல் அமெரிக்காவிலிருந்து கப்பலேறி இலங்கையின் யாழ்ப்பாணப் பகுதிக்கு வந்தவர். பிறகு சென்னைக்கு வந்தார். அவருடைய மகன்கள் ஏழு பேரும் இந்தியாவிலேயே தொண்டு செய்தார்கள். ஆரணி, வேலூர், திண்டிவனம், ராணிப்பேட்டை, சித்தூர் என்று அவர்களுடைய ஆற்காடு மிஷனுக்கு ஊர் ஊராகப் பள்ளிகளும் சிறு மருத்துவ நிலையங்களும் இருந்தன.

ஐடாவுக்கு ஆறேழு வயதிருக்கும்போது வந்தது 1876-78 தாது வருஷப் பஞ்சம். பசியால் சோர்ந்த குழந்தைகளுக்கு ரொட்டித் துண்டு கொடுக்கும் வேலை வீட்டில் அவருக்கும் வந்தது. வாங்கி வாயில் வைக்கக்கூடத் தெம்பில்லாத குழந்தைகளுக்கு அவரே ஊட்டிவிட்டாராம். இதையெல்லாம் பார்த்த பிள்ளைக்கு இந்த ஊரே வேண்டாம் என்று தோன்றியதில் ஆச்சரியம் இல்லை. அமெரிக்காவில் படித்து அங்கேயே வசதியாக இருந்துவிட வேண்டும் என்பதுதான் அவருடைய ஆசை.

அந்த ஆசையை மாற்றியது திண்டிவனத்தில் ஓர் இரவு. 1890-களின் தொடக்கம். அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று ஐடா வந்திருந்தார். ராத்திரியில் ஒருவர் பின் ஒருவராக மூன்று பேர் கதவைத் தட்டினார்கள். மூவரின் மனைவிக்கும் பிரசவ வேதனை. ஐடாவின் அப்பா டாக்டர்தான். ஆனால் ஆண் டாக்டர் வந்து பார்ப்பதை அந்தக் குடும்பங்கள் ஏற்கவில்லை. ஐடாவைக் கூப்பிட்டார்கள், அவருக்கோ வைத்தியம் தெரியாது. விடிந்தபோது மூன்று பெண்களும் இறந்துவிட்டார்கள் என்ற செய்தி வந்தது.

ஐடா மருத்துவம் படிக்கப் போனார். 1899-ல் நியூயார்க் கார்னெல் மருத்துவக் கல்லூரியில் பட்டம் வாங்கினார். பெண்களுக்கு அந்தக் கல்லூரி கதவைத் திறந்ததே அப்போதுதான். புறப்படும் முன் வேலூர்ப் பெண்களுக்கு ஓர் ஆஸ்பத்திரி கட்டப் பணம் தேடி அலைந்தார். ஷெல் என்ற வங்கி அதிபர், இறந்துபோன தன் மனைவியின் நினைவாகப் 10,000 டாலர் கொடுத்தார்.

1900-ம் ஆண்டு வேலூரில் வீட்டின் ஒரு சின்ன அறையில், ஒரே ஒரு கட்டிலோடு வைத்தியம் ஆரம்பமானது. சமையல்காரரின் மனைவி சலோமிதான் கைக்கு உதவி. அதே வருஷம் ஐடாவின் அப்பா இறந்துவிட்டார். பக்கத்தில் இருந்து சொல்லிக்கொடுக்க ஆள் இல்லை. இருந்தும் இரண்டு ஆண்டுகளில் ஐயாயிரம் பேருக்கு வைத்தியம் பார்த்தார். 1902-ல் ஷெல் பணத்தில் 40 படுக்கை ஆஸ்பத்திரி திறந்தது. பிறகு குடியாத்தம் சாலையில் மரத்தடி மரத்தடியாக வண்டியை நிறுத்தி நோயாளிகளைப் பார்த்தார். 1909-ல் கார் வந்தது. அதைப் பார்த்துப் பேய் வருகிறது என்று கிராமத்து ஜனங்கள் ஓடினார்களாம்!

ஒரு டாக்டர் எத்தனை மரத்தடிக்குப் போக முடியும், சொல்லுங்கள்? இங்குள்ள பெண்களே டாக்டராக வேண்டும் என்று ஐடா நினைத்தார். அதற்குக் கல்லூரி வேண்டும். கல்லூரி என்றால் சின்னச் செலவா? ஒரு மிஷனால் தாங்காது. ஆளாளுக்கு ஓர் ஊரில் ஒரு சிறு ஆஸ்பத்திரி நடத்திய சங்கங்களிடம் போய், எல்லோருக்கும் சேர்த்து ஒரே பள்ளி வைத்துக்கொள்ளலாமே என்று பேசினார். சில சங்கங்கள் சம்மதித்தன. 1918-ல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளி திறந்தது. விண்ணப்பிக்க ஆள் கிடைக்குமா என்று அதிகாரிகள் சந்தேகப்பட்டார்கள். வந்த விண்ணப்பங்கள் 151! முதல் அணியில் 14 பேர் 1922-ல் படிப்பை முடித்தார்கள்.

இங்கே ஒரு சின்னக் கணக்கு. உங்கள் பள்ளியில் நான்கு வகுப்புகள் வெள்ள நிவாரணம் திரட்டுகின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். நான்கும் தனித்தனியாக ஒரே தெருவுக்குப் போனால்? முதலில் போனவர்களுக்குக் கொஞ்சம் கிடைக்கும். நான்காவதாகப் போகிறவர்கள் முகத்தில் கதவு சாத்தப்படும். நான்கு வகுப்பும் அரிசியே கொண்டு வரும்; பாய் கொண்டு வர ஆள் இருக்காது. 2004 சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினத்தில் இது நிஜமாகவே நடந்தது. வந்து குவிந்த பழைய துணி சாலையோரத்தில் கிடந்தது. யார் எந்த ஊருக்கு என்ன கொடுப்பது என்று பிரித்துக்கொள்ள, தொண்டு நிறுவனங்களுக்கென்று தனியாக ஓர் ஒருங்கிணைப்பு மையமே அங்கே தேவைப்பட்டது.

இந்தச் சிக்கல் 1920-களிலேயே அமெரிக்காவில் லூசி பீபாடி என்ற அம்மையாருக்குப் புரிந்திருந்தது. இந்தியா, சீனா, ஜப்பான் ஆகிய மூன்று நாடுகளில் பெண்களுக்காக ஏழு கல்லூரிகள் இருந்தன. வேலூர் மருத்துவப் பள்ளி, சென்னை மகளிர் கிறிஸ்தவக் கல்லூரி, லக்னோ இசபெல்லா தோபர்ன் கல்லூரி ஆகியவை அதில் இந்தியாவின் மூன்று. ஏழும் தனித்தனியாக உண்டியல் ஏந்தாமல், ஒரே குழுவாகச் சேர்ந்து கேட்டன. ராக்பெல்லர் குடும்ப நிதியம் பத்து லட்சம் டாலர் தருவதாகச் சொன்னது, ஆனால் நிபந்தனையோடு. பெண்கள் முதலில் இருபது லட்சம் திரட்ட வேண்டும். இல்லாவிட்டால் ஒன்றும் கிடையாது!

ஐடா ஊர் ஊராகப் போய்ப் பேசினார். வேலூருக்கு மட்டும் கேட்டிருக்கலாம். ஏழு கல்லூரிக்கும் சேர்த்தே கேட்டார். பெரிய செக்கும் வந்தது. இல்லத்தரசிகளின் ஒற்றை டாலரும் வந்தது. குறித்த கெடுவுக்குள் இருபது லட்சம் சேர்ந்துவிட்டது. வேலூரில் பெரிய ஆஸ்பத்திரி எழும்பியது. ஊருக்கு வெளியே பாகாயத்தில் சுமார் 200 ஏக்கரில் கல்லூரிக்கும் இடம் கிடைத்தது.

இதோடு கதை முடிந்திருந்தால் நன்றாகத்தான் இருந்திருக்கும். ஆனால் 1930-களின் கடைசியில் சென்னை மாகாண அரசு ஒரு முடிவெடுத்தது. எல்.எம்.பி. என்ற பழைய மருத்துவப் படிப்பு இனி கிடையாது, எம்.பி.பி.எஸ். பட்டம் கொடுக்கும் கல்லூரிகள் மட்டுமே இருக்கலாம். வேலூரில் இருந்ததோ எல்.எம்.பி. பள்ளி. பட்டப் படிப்புக்கு நிறையப் படுக்கைகள் வேண்டும், ஆய்வுக்கூடங்கள் வேண்டும், உயர்ந்த பட்டம் பெற்ற பேராசிரியர்கள் வேண்டும். இல்லையென்றால் மூட வேண்டியதுதான். உலகப் போர் வேறு நடந்துகொண்டிருந்தது.

எழுபது வயதில், 1941-ல், ஐடா மறுபடி அமெரிக்காவுக்குக் கப்பலேறினார்.

அங்கே பணத்தைவிடப் பெரிய சிக்கல் ஒன்று காத்திருந்தது. இந்தியாவில் பல மிஷன்கள் சேர்ந்து, ஆணும் பெண்ணும் படிக்கும் ஒரு பொதுவான மருத்துவக் கல்லூரி வேண்டும் என்று கேட்டுக்கொண்டிருந்தன. அந்தச் சங்கங்கள் எல்லாம் வேலூருக்குக் கை கொடுத்தால் வேலூர் பிழைக்கும். ஆனால் வேலூர் ஆண்களையும் சேர்க்க வேண்டும். ஐடாவின் பழைய தோழிகளுக்குக் கோபம் வந்தது. பெண்கள் டாலர் டாலராகச் சேர்த்துப் பெண்களுக்காகக் கட்டிய இடம். ஆண்கள் வந்தால் பெண்களை ஓரங்கட்டிவிடுவார்கள் என்று பயந்தார்கள். எதிர்த்தவர்களில் லூசி பீபாடியும் ஒருவர்.

அந்தப் பயம் நியாயமானதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. உங்களுக்கு என்ன தோன்றுகிறது? அன்று பெண்களுக்கென்று இருந்த மருத்துவக் கல்லூரிகள் மிகக் குறைவு. ஐடாவும் உடனே தலையாட்டிவிடவில்லை. நீண்ட நாள் தவித்தார். பழைய தோழிகளை இழக்கலாம், அல்லது கல்லூரியையே இழக்கலாம். கடைசியில் எல்லோருக்கும் பொதுவான கல்லூரிக்குச் சம்மதம் சொன்னார். சில நட்புகள் முறிந்தன. பல ஆண்டுகள் தோளோடு தோள் நின்றவர்கள் விலகிப் போனது அவருக்குப் பெரிய வலி.

அதற்குள் வேலூரில் தொழுநோய் நிபுணர் டாக்டர் ராபர்ட் காக்ரேன் பொறுப்பேற்று ஓடியாடி வேலை செய்தார். 1942-ல் எம்.பி.பி.எஸ். வகுப்பு தொடங்க அனுமதி கிடைத்தது. 1947-ல் மாணவர்களும் சேர்ந்தார்கள். அமெரிக்கா, இங்கிலாந்து மட்டுமல்லாமல் வேறு பல நாடுகளின் சங்கங்களும், இந்தியத் திருச்சபைகளும் ஒவ்வொன்றாக உள்ளே வந்தன. ஒரு சங்கம் டாக்டரை அனுப்பும். இன்னொன்று நர்ஸை அனுப்பும். மற்றொன்று பணம் தரும். பதிலுக்கு ஒவ்வொரு சங்கமும் தன் ஊர் மாணவர்களைப் படிக்க அனுப்பலாம். படித்து முடித்தவர்கள் திரும்பிப் போய் அந்தச் சங்கத்தின் கிராமத்து ஆஸ்பத்திரியில் வேலை செய்ய வேண்டும் என்பது ஏற்பாடு. ஆயிரம் மைல் தள்ளி இருந்த சின்ன ஆஸ்பத்திரிகளுக்கும் இப்படி டாக்டர் கிடைத்தார்கள். கல்லூரி எந்த ஒரு சங்கத்துக்கும் தனிச் சொத்தாக ஆகவில்லை.

ஐடா 1946-ல் ஓய்வு பெற்றார். கொஞ்ச காலத்தில் விசாகப்பட்டினத்தில் பிறந்த டாக்டர் ஹில்டா லாசரஸ், வேலூரின் முதல் இந்தியத் தலைவரானார். ஒரு பெண்! விலகிப் போன தோழிகளுக்கு அந்தச் செய்தி கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

ஐடா கொடைக்கானல் மலையில் தம் வீட்டில் தோட்டம் போட்டுக்கொண்டு இருந்தார். 1960 மே மாதம், 89 வயதில், அங்கேயே காலமானார். வெளிநாட்டிலிருந்து ஒருவர் டாக்டர் ஐடா, இந்தியா என்று மட்டும் உறையில் எழுதி ஒரு கடிதம் போட்டாராம். ஊர் இல்லை, தெரு இல்லை. அந்தக் கடிதம் நேராக அவர் கைக்கு வந்து சேர்ந்ததாம். தபால்காரருக்கு விசாரிக்கவே வேண்டியிருக்கவில்லை.