உ.வே.சா.வை மாற்றிய சமணர் வீடு: கும்பகோணத்தில் நடந்தது என்ன?

1906-ல் ஆங்கிலேய அரசு உ.வே.சாமிநாத ஐயருக்கு 'மகாமகோபாத்தியாய' பட்டம் கொடுத்தது. பெரும்பாலும் சமஸ்கிருத பண்டிதர்களுக்குப் போற பட்டம் இது. இவருக்கோ தமிழுக்காகக் கிடைத்தது. அவருக்குப் பெயர் வாங்கிக் கொடுத்த புத்தகங்களில் இரண்டு, அவருடைய மதத்தைச் சேர்ந்ததே இல்லை என்பதுதான் விஷயம்.

யார் இவர்?

1855-ல் பிறந்தவர். சொந்த ஊர் பாபநாசம் பக்கம் உத்தமதானபுரம். மகாவித்வான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் மாணவர், திருவாவடுதுறை சைவ மடத்தில் வளர்ந்தவர். படிச்சது பெரும்பாலும் புராணம், அந்தாதி, பிள்ளைத்தமிழ்.

1880-ல் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியர் ஆனார். அதே வருஷம் ஊருக்கு முன்சீஃபாக வந்த சேலம் இராமசுவாமி முதலியாரைப் பார்க்கப் போனார். படித்த நூல்களை வரிசையாகச் சொன்னார். முதலியார் அசரவே இல்லை. சீவக சிந்தாமணி படிச்சதுண்டா என்று கேட்டார். ஐயர் படித்ததில்லை. கேட்டவரே பிரதியும் கொடுத்தார்.

திறந்து பார்த்தால் சமணக் காப்பியம்! எத்தனை நூல் படித்திருந்தும் பல இடங்கள் பிடிபடவில்லை.

கும்பகோணத்தில் சமணக் குடும்பங்கள் இருப்பது தெரிந்து, சந்திரநாத செட்டியார் வீட்டுக்குப் போனார். வாசலில் தோரணம், கோலம். விசாரித்தால், அந்த வீட்டில் சிந்தாமணி படித்து முடித்த நாளாம் அது! ஏட்டில் தேடிக்கிட்டிருந்த நூலை, பக்கத்துத் தெருக்காரங்க பாராயணமே பண்ணிக்கிட்டிருந்தாங்க. கல்லூரி ஆசிரியர், அவர்களிடம் மாணவராக உட்கார்ந்து சமணக் கொள்கைகளைக் கேட்டுத் தெரிந்துகொண்டார்.

எதிர்ப்பு வந்ததா?

வராமலா? சைவர் ஒருவர் சமண நூலை அச்சிடலாமா என்று முணுமுணுத்தவர்கள் உண்டு. அவர் நிறுத்தவில்லை. 1887-ல் சீவக சிந்தாமணி வெளியானது.

அடுத்த சிக்கல் பௌத்தக் காப்பியமான மணிமேகலை. கேட்டுத் தெரிந்துகொள்ள ஊரில் பௌத்தர்களே இல்லை. கை கொடுத்தவர் அதே கல்லூரியின் ரங்காசாரியார். பௌத்தம் பற்றிய ஆங்கிலப் புத்தகங்களைப் படித்து அவர் விளக்க, ஐயர் விடாமல் கேட்டுக்கொண்டார். 1898-ல் மணிமேகலை வந்தது. கூடவே புத்தரின் வரலாற்றையும் ஐயரே எழுதிச் சேர்த்தார்.

இத்தனைக்கும் அவர் மதம் மாறவில்லை. சிவபக்தராகவே கடைசிவரை இருந்தார்.

1903-ல் சென்னை மாநிலக் கல்லூரிக்கு மாறினார். 1932-ல் சென்னைப் பல்கலைக்கழகம் டாக்டர் பட்டம் கொடுத்தது. 1942 ஏப்ரல் 28-ல் திருக்கழுக்குன்றத்தில் காலமானார்.