ஒளியை மருந்தாக்கிய நீல்ஸ் ஃபின்சன்

குடிநீர் வழியே பரவும் டைஃபாய்டு, காலரா கிருமிகளுள் சில, வழக்கமான ஆன்டிபயாட்டிக் மருந்துகளுக்கு இன்று கட்டுப்படுவதில்லை. உங்கள் பரிசோதனை அறிக்கையில் 'மருந்து எதிர்ப்புத் திறன்' என்ற சொற்களைக் கண்டு நீங்கள் கலங்கியிருக்கலாம். ஒளியால் அக்கிருமியை அழிக்க இயலுமா எனவும் எண்ணியிருக்கலாம். ஒளி மருத்துவத்தின் முன்னோடியான ஒருவரின் வாழ்க்கை இதற்கு விடை தருகிறது.

நீல்ஸ் ரைபெர்க் ஃபின்சன் 1860-ஆம் ஆண்டு டிசம்பர் 15 அன்று டென்மார்க் ஆட்சிக்குட்பட்ட ஃபாரோ தீவுகளில் பிறந்தார். 1890-இல் கோபன்ஹேகனில் மருத்துவப் பட்டம் பெற்றார். இளமையிலேயே தீரா நோய் அவரைப் பற்றியது. வயிற்றில் நீர் கோத்து உடல் நலிந்தது. வெயில் தமக்கு நலம் தருவதாக உணர்ந்த அவர், ஒளியின் இயல்பை ஆராயத் தொடங்கினார்.

முகத்தை அரித்துச் சிதைக்கும் தோல் காசநோய்க்கு அந்நாளில் தக்க மருந்தில்லை. 1895-இல் ஃபின்சன், மின்வில் விளக்கின் ஒளியைக் குவித்து, அதன் வெப்பத்தை நீரால் தணித்து, புண்ணின்மீது பாய்ச்சினார். பல ஆண்டுகள் துன்புற்றிருந்த பொறியாளர் ஒருவர் அதனால் தேறினார். 1896-இல் ஒளி மருத்துவ நிலையம் உருவாயிற்று. 1903-இல் நோபல் பரிசு பெற்ற ஃபின்சன், மறு ஆண்டு செப்டம்பர் 24 அன்று தமது 43-ஆம் வயதில் மறைந்தார்.

அவருடைய ஒளி குணமாக்கியது தோலை மட்டுமே. ஒளி எட்டும் இடத்தில்தான் அது பயன் தரும். நிறமியும் ஒளியும் சேர்த்துப் புண்களிலுள்ள கிருமிகளை அழிக்கும் முறை இன்று ஆராயப்படுகிறது. அதற்கும் இவ்வெல்லை உண்டு.

தெளிந்த நீரிலோ நிலை வேறு. புறஊதா ஒளி கிருமியின் மரபுப் பொருளைச் சிதைப்பதால், மருந்துக்கு அடங்காத கிருமியும் அதற்கு அடங்கும். 1910-இல் ஃபிரான்சின் மார்செய் நகரில் குடிநீரைத் தூய்மையாக்க இவ்வொளி பயன்பட்டது. கலங்கிய நீரில் இது பயனளிக்காது. வடிகட்டிய பின்னரே பயன்படுத்த வேண்டும்.

ஆகவே, குடலில் புகுந்த கிருமிக்கு ஒளியை நம்பிக் காத்திராதீர்கள். புறஊதா விளக்கை உடலின்மீது காட்டாதீர்கள். கண்ணும் தோலும் கேடுறும். வயிற்றுப்போக்கு கண்டவுடன் உப்பு-சர்க்கரைக் கரைசல் (ஓ.ஆர்.எஸ்.) கொடுங்கள். மிஞ்சிய மாத்திரைகளை நீங்களாக உட்கொள்ளாதீர்கள். மருத்துவர் குறித்த மருந்தை அவர் கூறிய நாள்வரை உட்கொள்ளுங்கள். மலத்தில் இரத்தம், சிறுநீர் குறைதல், சோர்ந்து மயங்குதல் ஆகியவற்றுள் ஒன்றைக் கண்டாலும் உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.