தாளில் எழுந்த மாளிகைகள்

நீலகிரி மலையில் அருவங்காட்டிலிருந்து உதகை நோக்கிச் செல்லும் புகைவண்டி, கேத்தியைக் கடந்து லவ்டேல் என்னும் ஊரை அடையும். அவ்வூரிலுள்ள லாரன்சுப் பள்ளியின் நீண்ட கட்டடமும் உயர்ந்த கோபுரமும் இத்தாலி நாட்டு முறையைத் தழுவியவை. அவற்றுக்கு உருவம் வகுத்தவர் இராபர்ட் சிசோம் என்னும் ஆங்கிலேயர். உதகையிலுள்ள நீலகிரி நூல்நிலையமும் அவர் வகுத்ததே. அக்காலத்தில் இம்மலையில் இருப்புப்பாதை இல்லை. அருவங்காட்டு வெடிமருந்துத் தொழிற்சாலையும் தோன்றவில்லை.

சிசோம் 1840-ஆம் ஆண்டில் பிறந்தவர். இளமையிலேயே இந்தியா வந்து, வங்காளத்தில் பொதுப்பணித் துறையில் அமர்ந்தார். 1864-இல் சென்னை அரசாங்கத்தார் ஓர் அறிவிப்பு வெளியிட்டனர். மாநிலக் கல்லூரிக்கும், பல்கலைக் கழகத்தின் செனட் மண்டபத்திற்கும் படங்கள் வரைந்து அனுப்புமாறு கட்டடக் கலைஞர்களை அழைத்தனர். போட்டியில் வென்றவர் இருபத்துநான்கு வயதினரான சிசோமே. மறு ஆண்டே அவர் சென்னைக்கு வந்து சேர்ந்தார்.

கடைக்கால் தோண்டுவதற்குப் பன்னாள் முன்பே கட்டடம் தாளில் தொடங்கிவிடுகிறது. வாயில் எத்திசை நோக்குவது? கடற்காற்று எவ்வழி புகுவது? வெயில் சுவரைச் சுடாதிருக்கத் தாழ்வாரம் எவ்வளவு அகலம் வேண்டும்? மலைச்சரிவாயின் மழைநீர் எப்பக்கம் வடிவது? இவற்றையெல்லாம் எண்ணித் தரைப்படமும், முகப்புப் படமும், குறுக்குவெட்டுப் படமும் முதலில் வரைவர். இந்நிலையில் ஒரு சுவரை நகர்த்த வேண்டுமாயின் கோட்டை அழித்து வரைந்தாற் போதும். கல் ஏறிய பின்னரோ, அம்மாற்றத்திற்குப் பெரும்பொருள் வேண்டும். வரைந்ததை அழிக்க நாணுபவர் இத்தொழிலுக்கு ஆகார்.

சிசோம் நாணவில்லை. மாநிலக் கல்லூரி இத்தாலி முறையிலேயே எழுந்து 1870-இல் திறக்கப்பெற்றது. செனட் மண்டபமோ உடனே தொடங்கப்பெறவில்லை. அவ்விடைக்காலத்தில், ஆளுநர் நேப்பியர் பிரபுவின் ஆதரவால், மதுரைத் திருமலை நாயக்கர் மாளிகையைப் பழுதுபார்க்கும் பணியில் சிசோம் ஈடுபட்டார். அங்கே பருத்த தூண்களையும், அவற்றை இணைக்கும் வளைவுகளையும், சுண்ணச் சாந்தின் பொலிவையும் அருகிருந்து கற்றார். சென்னையில் நவாபின் சேப்பாக்க மாளிகையைத் திருத்தி விரிவாக்கும் வேலையும் அவரிடம் வந்தது. செனட் மண்டபம் எழவேண்டிய இடமோ அம்மாளிகைக்கு அண்மையது. இத்தாலி முகப்பு ஒன்று அதன் அருகே நின்றால் பொருந்துமா?

பரிசு பெற்ற படத்தை அப்படியே கட்டியிருந்தால் அவரைக் குறைகூறுவார் எவருமிலர். ஆயினும் அவர் அதை ஒதுக்கிவிட்டுப் புதிதாக வரைந்தார். நான்கு மூலைகளிலும் குமிழ்க் கூரை தாங்கிய கோபுரங்கள், கல்தூண் வரிசைகள், வண்ணக் கண்ணாடிப் பலகணிகள் ஆகியவற்றோடு 1874 முதல் 1879 வரை செனட் மண்டபம் எழுந்தது. கிழக்கு நாட்டுக் கலையும் மேற்கு நாட்டுக் கலையும் அதில் கலந்துள்ளன. நம் கோயிற் சிற்பிகளின் மரபுக்கு அதில் இன்னும் சிறிது இடம் தந்திருக்கலாம் என்றே எமக்குத் தோன்றுகிறது.

திருவனந்தபுரத்தில் நேப்பியர் பெயரால் கட்டிய காட்சிச் சாலையில் அவர் மீண்டும் வழியை மாற்றினார். மழை மிகுந்த மலைநாட்டு வீடுகளின் சரிந்த கூரையும் முக்கோண முகடும் அங்கே இடம்பெற்றன. அது 1880-இல் முடிவுற்றது.

மறு ஆண்டில் வேறுவகைச் சோதனை ஒன்று வந்தது. பரோடா மன்னருக்கு இலட்சுமி விலாச மாளிகையை வகுத்த சார்லசு மாண்ட் என்பவர், வேலை முடியுமுன் 1881-இல் இறந்துபோனார். அப்பணியை நிறைவேற்றும் பொறுப்பு சிசோமிடம் வந்தது. தம் படத்தை அழித்து எழுதத் தயங்காத அவர், இங்கே பிறர் வரைந்த படத்தின் கருத்தறிந்து நடக்க வேண்டியவரானார். மாளிகை 1890-இல் நிறைவெய்தியது.

முதுமையில் சிசோம் இங்கிலாந்து திரும்பினார். இலண்டனில் அவர் வகுத்த தேவாலயம் ஒன்று 1907-இல் எழுந்தது. இப்போது அது இசையரங்காக விளங்குகிறது. அவர் 1915-இல் காலமானார்.