15-வது இடம் வேண்டாம் என்ற மாணவர்

நீலகிரியில் குன்னூருக்குப் போனவர்கள் பாஸ்டர் இன்ஸ்டிடியூட்டைப் பார்த்திருப்பார்கள். 1907-ல் ஏற்பட்ட நிலையம் அது. வெறிநாய் கடித்தவர்களுக்கு மருந்து என்றால், தென்னாட்டில் வெகுகாலம் குன்னூரின் பெயர்தான் எல்லோர் வாயிலும் வரும்.

அந்த நிலையத்தின் பெயருக்கு உரிய லூயி பாஸ்டர் பிரெஞ்சு நாட்டவர். உலகம் போற்றும் ரசாயன விஞ்ஞானி. ஆனால் மாணவராக இருந்தபோது ரசாயனப் பாடத்தில் அவருக்குக் கிடைத்த மதிப்பு என்ன தெரியுமா? "சுமார்"! அவ்வளவுதான்.

தோல் ஷாப்புப் பையன்

பாஸ்டர் 1822 டிசம்பர் 27-ந் தேதி டோல் என்ற ஊரில் பிறந்தார். தகப்பனார் தோல் பதனிடுகிறவர். முன்பு நெப்போலியனின் படையில் சார்ஜெண்டாக இருந்தவர். அதிகம் பேசமாட்டார். பிறகு குடும்பம் ஆர்புவா என்ற சிற்றூருக்குக் குடிபோயிற்று. அங்கும் ஆற்றங்கரையில் தோல் வேலைதான்.

பள்ளியில் லூயி கெட்டிக்காரன் என்று பெயர் எடுக்கவில்லை. படம் போடுவதில்தான் ஆசை. அம்மாவையும் அப்பாவையும் அவன் வண்ணக் குச்சியால் தீட்டிய படங்கள் இன்றும் இருக்கின்றன. பையன் மெதுவாகப் படித்தாலும் ஆழமாகப் படிக்கிறான் என்பதைக் கண்டுகொண்டவர் தலைமை ஆசிரியர் ரோமனே. பாரிஸில் எக்கோல் நார்மால் என்ற பெரிய கல்லூரி உண்டு. ஆசிரியர்களைத் தயார் செய்யும் கல்லூரி அது. அங்கே சேர வேண்டும் என்ற எண்ணத்தைப் பையன் மனத்தில் விதைத்தவர் அவரே.

அதற்காக 1838-ல் லூயியைப் பாரிஸில் ஒரு விடுதிப் பள்ளிக்கு அனுப்பினார்கள். அப்போது அவனுக்கு 16 வயதுகூட நிரம்பவில்லை. ஊர் ஏக்கம் பிடித்துக் கொண்டது. ராத்திரி தூக்கம் இல்லை. தோல் ஷாப்பின் வாடை ஒரு முறை மூக்கில் பட்டால் போதும், உடம்பு தேறிவிடும் என்று தோன்றியது. நமக்கு மூக்கைப் பிடிக்க வைக்கும் வாடை அவனுக்கு வீட்டு வாசனை.

ஒரு நாள் யாரோ பார்க்க வந்திருப்பதாகச் சொல்லி அவனை அழைத்தார்கள். தெருமுனைக் கடையின் உள்ளறையில் தகப்பனார் உட்கார்ந்திருந்தார். அழைத்துப் போக வந்ததாகச் சொன்னார். அதற்கு மேல் ஒரு வார்த்தை இல்லை, கோபமும் இல்லை. இருவரும் ஊர் திரும்பினார்கள்.

தோல்வியும் சுமாரும்

பிறகு ஊருக்குப் பக்கத்தில் பெசான்ஸோன் கல்லூரியில் படித்தான். 1840-ல் இலக்கியப் பட்டம் கிடைத்தது. அதே கல்லூரியில் சின்ன வாத்தியார் வேலையும் கிடைத்தது. சாப்பாடு, அறை, ஆண்டுக்கு 300 பிராங்கு சம்பளம். அந்தப் பணத்தில் தங்கையைப் படிக்க வைக்கிறேன் என்றான். பெற்றோர் ஒப்பவில்லை.

1841-ல் விஞ்ஞானப் பட்டப் பரீட்சை எழுதினான். தோற்றான். 1842 ஆகஸ்டில் டிஜோன் நகரில் மறுபடி எழுதித் தேறினான். ரசாயனத்தில் "சுமார்" வந்தது அந்தப் பரீட்சையில்தான்.

அதே மாதம் எக்கோல் நார்மால் பிரவேசப் பரீட்சையும் வந்தது. முதல் கட்டத்தில் 22 பேர் தகுதி பெற்றார்கள். பாஸ்டரின் பெயர் 15-வதாக இருந்தது.

வேறு பிள்ளையாக இருந்தால் கற்கண்டு வழங்கியிருப்பார்கள். கதவு பாதி திறந்துவிட்டதே! 19 வயதுப் பாஸ்டர் அந்த இடம் வேண்டாம் என்று தீர்மானித்தார். மேற்கொண்டு பரீட்சைக்குப் போகவில்லை. அடுத்த ஆண்டு திரும்பவும் முதலிலிருந்து எழுதுவது என்று முடிவு செய்தார்.

இது வீம்பு என்று சிலருக்குத் தோன்றலாம். அதில் ஆபத்தும் இருக்கத்தான் செய்தது. அடுத்த வருஷம் 15-வது இடமாவது கிடைக்கும் என்று யார் உறுதி சொல்ல முடியும்? ஒரு வருஷச் செலவு தோல் வேலை செய்பவர் தலையில்தானே விழும்? ஆனால் பாஸ்டர் வெறும் ரோஷத்தில் உட்கார்ந்துவிடவில்லை. அவர் செய்த காரியத்தைப் பாருங்கள்.

நாலு வருஷத்துக்கு முன் ஏக்கத்தால் விட்டு ஓடிய அதே பாரிஸ் விடுதிக்கே திரும்பிப் போனார்! காலை 6 மணி முதல் 7 மணி வரை சின்னப் பையன்களுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்தார். அதற்காக விடுதிக்காரர் கட்டணத்தில் பெரும் பகுதியைத் தள்ளிக் கொடுத்தார். பகலில் செயின்ட் லூயி கல்லூரியில் பாடம். நேரம் கிடைத்தபோது ஸோர்பான் சர்வகலாசாலையில் டூமா என்ற ரசாயனப் பேராசிரியரின் பிரசங்கம். அதைக் கேட்க அறுநூறு, எழுநூறு பேர் கூடுவார்களாம். நாடகக் கொட்டகை மாதிரி அரை மணி முன்னாலேயே போய் இடம் பிடிக்க வேண்டும். "சுமார்" வாங்கிய ரசாயனத்தின் மேல் பாஸ்டருக்குப் பித்துப் பிடித்தது அங்கேதான்.

1843-ல் மறுபடி பரீட்சை எழுதினார். இந்தத் தடவை 4-வது இடம்! கல்லூரி திறக்கச் சில நாள் முன்பே பாரிஸ் வந்து சேர்ந்தார். காலியாகக் கிடந்த படுக்கைக் கூடத்தில் தூங்க அனுமதி கேட்டார்.

கிழவர் வைத்த பரீட்சை

இதைவிடக் கடினமான பரீட்சை ஒன்று 1848-ல் வந்தது. திராட்சை மதுப் பீப்பாய்களில் ஒரு வகை உப்பு படியும். அதிலிருந்து கிடைக்கும் அமிலத்துக்கு இன்னோர் அமிலம் உடன்பிறப்பு. இரண்டிலும் உள்ள சரக்கு ஒன்றே. ஆனால் ஒன்று ஒளியைத் திருப்பும், மற்றது திருப்பாது. காரணம் யாருக்கும் விளங்கவில்லை.

பாஸ்டர் அந்த இரண்டாவது அமிலத்தின் உப்பைப் பூதக்கண்ணாடியில் பார்த்தார். படிகங்கள் இரண்டு விதமாக இருந்தன. வலது கால் செருப்பும் இடது கால் செருப்பும் போல! கையால் ஒவ்வொன்றாகப் பொறுக்கிப் பிரித்தார். ஒரு வகை ஒளியை வலப்புறம் திருப்பியது. மற்றது இடப்புறம் திருப்பியது. இரண்டும் கலந்திருந்ததால்தான் ஒன்றை ஒன்று ஈடு கட்டிவிட்டன.

பியோ என்ற முதுபெரும் விஞ்ஞானி இதை நம்பவில்லை. அவருக்கு வயது 74. தம்முடைய மருந்துகளையே கொடுத்து, தம் கண் முன்னாலேயே செய்து காட்டச் சொன்னார். பாஸ்டர் படிகங்களைப் பிரித்து வைத்தார். கிழவர் தாமே கருவியில் கண் வைத்துப் பார்த்தார். ஒளி திரும்பிற்று. பாஸ்டரின் கையைப் பிடித்துக் கொண்டார். அவருக்கு மனம் இளகிவிட்டது.

அப்புறம் நடந்ததெல்லாம் ஊர் அறிந்த கதை. 1857-ல் அதே எக்கோல் நார்மாலில் விஞ்ஞானப் படிப்புக்குத் தலைவரானார். மது புளிப்பதற்குக் கிருமி காரணம் என்று காட்டினார். பட்டுப்புழு நோயை ஆராய்ந்தார். 1885 ஜூலை 6-ந் தேதி, வெறிநாய் கடித்த 9 வயது ஜோசப் மைஸ்டர் என்ற சிறுவனுக்கு ஊசி மருந்து கொடுக்கச் செய்தார். பையன் பிழைத்தான். வளர்ந்து, பாரிஸ் பாஸ்டர் நிலையத்திலேயே வாயில் காப்பாளனாக வேலை பார்த்தான். பாஸ்டர் 1895-ல் காலமானார்.

தகப்பனார் இந்தப் புகழ் முழுவதையும் பார்க்கவில்லை. 1865-லேயே இறந்துவிட்டார். 1883-ல் டோல் நகரத்தார் பாஸ்டர் பிறந்த வீட்டில் ஒரு கல்வெட்டுப் பதித்து விழா எடுத்தார்கள். தோல் பதனிடுவோர் தெரு என்பதுதான் அந்தத் தெருவின் பழைய பெயர். பேச எழுந்த பாஸ்டருக்கு அப்போது வயது 60. விஞ்ஞானத்தைப் பற்றி அல்ல, அந்தச் சின்ன வீட்டில் வாழ்ந்த அம்மாவையும் அப்பாவையும் பற்றியே அவர் பேசினார். பேசும்போது தொண்டை அடைத்தது.