மண்டையைத் திறந்து உயிர் காத்தவர்

தலைவலி எல்லோருக்கும் வரும். சுக்கை உரைத்துப் பற்றுப் போட்டால் போய்விடும். சிலருக்கு மட்டும் போவதில்லை. விடியற்காலையில் மண்டை பிளக்கிறது. வாந்தி வருகிறது. நாளடைவில் கண் மங்குகிறது. கை கால் இழுக்கிறது.

1949க்கு முன் புதுக்கடையில் ஒரு வீட்டில் இப்படி நேர்ந்தால் என்ன செய்வார்கள்? பேய் என்று மந்திரவாதியை அழைப்பவர்கள் உண்டு. விவரம் தெரிந்தவர்கள் நெய்யூர் மிஷன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போவார்கள். அங்கே சோமர்வெல் என்ற பெரிய ரண சிகிச்சை டாக்டர் இருந்தார். வயிற்றுப் புண்ணை அறுத்துக் குணப்படுத்துவதில் பேர் போனவர். ஆனால் மூளைக்கென்று தனிப் பிரிவு அந்நாளில் இந்தியாவில் எங்குமே கிடையாது.

அந்தக் குறையைத் தீர்த்தவர் டாக்டர் ஜேக்கப் சாண்டி.

கடல் கடந்த படிப்பு

1910இல் கோட்டயத்தில் பிறந்தார். புதுக்கடையும் கோட்டயமும் அப்போது ஒரே திருவாங்கூர் சமஸ்தானம். சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்து 1936இல் டாக்டரானார். பிறகு பஹ்ரைன் தீவுக்குப் போய், அங்குள்ள மிஷன் ஆஸ்பத்திரியில் பால் ஹாரிசன் என்ற அமெரிக்க டாக்டரிடம் வேலை பார்த்தார். அப்புறம் அமெரிக்கா. அதன்பின் கனடாவில் மாண்ட்ரீல் நகரம். அங்கே அவருக்கு வாய்த்த குரு வைல்டர் பென்ஃபீல்டு.

பென்ஃபீல்டு சாமானியர் அல்ல. நோயாளி விழித்திருக்கும்போதே மூளையை மெல்லிய மின்சாரத்தால் தொட்டு, கையை அசைக்கும் இடம் எது, பேச வைக்கும் இடம் எது என்று கண்டறிந்தவர். மூளையைத் தொட்டால் வலிக்காது! கேட்க வியப்பாக இருக்கும், ஆனால் உண்மை.

இத்தனை படித்தவர் மேல்நாட்டிலேயே தங்கியிருக்கலாம். தங்கவில்லை. 1949இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்து சேர்ந்தார். இந்தியாவின் முதல் மூளை நரம்புச் சிகிச்சைப் பிரிவு அங்கே தொடங்கிற்று.

காற்றால் கண்ட கட்டி

அப்போது ஸ்கேன் கிடையாது. எக்ஸ்ரேயில் எலும்பு தெரியும், மூளை தெரியாது. ஆகையால் மண்டையில் சிறு துளை போடுவார்கள். மூளைக்குள்ளே நீர் நிற்கும் அறைகள் உண்டு. அந்த நீரைக் கொஞ்சம் எடுத்துவிட்டுக் காற்றைச் செலுத்தி எக்ஸ்ரே பிடிப்பார்கள். அறை நசுங்கியோ ஒதுங்கியோ இருந்தால், கட்டி எந்தப் பக்கம் என்று ஊகிக்கலாம். ஊகம் தவறினால் வீணாக மண்டையைத் திறந்ததாகிவிடும்.

மண்டை ஓடு ஓர் எலும்புப் பெட்டி. உள்ளே கட்டி வளர்ந்தால் விலக இடமில்லை. மூளைதான் நசுங்க வேண்டும். எலும்பில் ஜன்னல் போல வெட்டி, கட்டியை எடுத்து, மறுபடி மூட வேண்டும். நூலிழை பிசகினால் பேச்சு போகலாம், கை போகலாம். சில சமயம் உயிரே போகலாம்.

எடுத்த கட்டியெல்லாம் புற்றுநோயும் அல்ல. காசநோயால் மூளையில் உண்டாகும் கட்டிகளும் நம் நாட்டில் நிறைய இருந்தன.

1952இல் தீராத வலிப்பு நோய்க்கும் சாண்டி ரண சிகிச்சை செய்தார். இந்தியாவில் அது முதல் முறை.

ஒருவர் பலரானார்

ஒரு டாக்டர் எத்தனை பேரைப் பார்க்க முடியும்? 1950இல் சென்னைப் பெரிய ஆஸ்பத்திரியில் டாக்டர் பி. ராமமூர்த்தி இதே பணியைத் தொடங்கினார். அடுத்த ஆண்டு இவ்விருவரும், டாக்டர் எஸ். டி. நரசிம்மன், டாக்டர் பல்தேவ் சிங் ஆகியோரும் சேர்ந்து இந்திய நரம்பியல் சங்கத்தை நிறுவினார்கள். சாண்டி முதல் தலைவரானார். மூளை ரண சிகிச்சைக்கான மேற்படிப்பையும் வேலூரில் ஏற்படுத்தினார். என் எண்ணத்தில், அவர் எடுத்த கட்டிகளை விட இது பெரிய காரியம். அங்கே படித்தவர்கள் வேறு ஊர்களுக்கும் போனார்கள் அல்லவா?

அந்நாளில் புதுக்கடையிலிருந்து வேலூர் போவது லேசல்ல. நாகர்கோவிலுக்கே ரயில் வராத காலம். வேறு ஊருக்குப் பஸ்ஸில் போய் ரயில் ஏற வேண்டும். கண் தெரியாத நோயாளியைக் கைத்தாங்கலாகப் பிடித்துக்கொண்டு அவ்வளவு தூரம்! இன்றோ காலையில் பஸ் ஏறினால், உச்சிப் பொழுதுக்குள் திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ நிலையத்தில் இருக்கலாம். அங்கே மூளைக் கட்டிக்குச் சிகிச்சை உண்டு.

1964இல் சாண்டிக்குப் பத்மபூஷண் விருது கிடைத்தது. 1970இல் ஓய்வு பெற்றார். 2007இல் தமது 97ஆம் வயதில் காலமானார்.